சுவிஸ் மலைகளில் நான்கு பருவமும் காட்டுயிர் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வந்த உறவினர்களை மலைக்குக் கூட்டிப்போய், நண்பகல் கேபிள் காரில் ஏறி, உச்சியில் மஞ்சள் அலகுக் காகங்களையும் செல்ஃபி வரிசையையும் மட்டும் பார்த்துவிட்டு இறங்கிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. இன்றைக்கும் புதிதாக வருபவர்கள் அதே பிழையைத்தான் செய்கிறார்கள். முதலில் பெயர்பெற்ற இடம் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள், பிறகு விடுமுறை நாள், பிறகு வசதியான ரயில். விலங்கு வருமா வராதா என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். பருவம், உயரம், விலங்கு, அதன் பிறகே இடம், கடைசியில் ரயில். கீழே உள்ள முதல் மூன்று படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. பருவத்தையும் உயரத்தையும் ஒன்றாகக் கணக்கிடுங்கள்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை குறையும். வசந்தம் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாதம் பிந்தும். மே மாதத்தில் சூரிச்சில் மரங்கள் முழுப் பச்சையாக நிற்கும்போது, 2,000 மீட்டரில் பனி அப்போதுதான் கரைய ஆரம்பித்திருக்கும். ஆகவே "மே மாதம் எங்கே போகலாம்" என்று கேட்பதில் பயனில்லை. "மே மாதம் எந்த உயரத்துக்குப் போகலாம்" என்று கேளுங்கள்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கீழே பூக்களைத் தவறவிட்டீர்களா? இரண்டு வாரம் கழித்து ஐந்நூறு மீட்டர் மேலே போங்கள், அதே பூ அங்கே மலர்ந்திருக்கும்.

சரிவின் திசையையும் பாருங்கள். தெற்கு பார்த்த சரிவில் பனி வேகமாகக் கரையும், புல் முதலில் முளைக்கும், பசியோடு இருக்கும் விலங்குகளும் அங்கேதான் வரும். வடக்குச் சரிவில் ஜூன் கடைசியிலும் பழைய பனி கிடக்கும். வரைபடத்தில் உயரக்கோடுகளை மட்டும் பார்த்து, திசையைப் பார்க்காமல் வெளிக்கிடுவது புதியவர்களின் அடுத்த பிழை.

2. ஒரே ஒரு விலங்கைக் குறி வையுங்கள், இடம் பிறகு

"எல்லாவற்றையும் பார்க்கலாம்" என்று போனால் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு விலங்குக்கும் தனி நேரம், தனி உயரம், தனி நிலம் இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்டைன்பொக். வளைந்த பெரிய கொம்புள்ள ஆல்ப்ஸ் மலை ஆடு இது. ஆணின் கொம்பு ஒரு மீட்டர் வரை வளரும், ஆகையால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். மனிதர் அமைதியாக நின்றால் உடனே ஓடுவதும் இல்லை. துன் ஏரிக்கு மேலே உள்ள நீடர்ஹோர்ன், யூரா மலைத்தொடரில் குதிரை லாடம் போல வளைந்த பாறைச்சுவரான க்ரூ டு வான், கிழக்குச் சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் உள்ள பொன்ட்ரெசினா, இவை மூன்றும் இதற்கு நல்ல இடங்கள்.

பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் மர்மோட்டைத் தெரிவு செய்யுங்கள். வளை தோண்டி வாழும் பெரிய நில அணில் இது. பகலிலேயே வெளியே இருக்கும், ஆகவே பிள்ளைகளை விடியக்காலை எழுப்பிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஷமுவா என்கிற சிறிய கொக்கிக் கொம்பு மலைமான் கூச்ச சுபாவம் உள்ளது. அதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் நாள் இரவு சரிபார்க்க வேண்டியவை

இந்த வரிசையிலேயே பாருங்கள். முன்னது சரியில்லை என்றால் பின்னதைப் பார்க்கும் வேலை மிச்சம்.

முதலில் கேபிள் கார் ஓடுகிறதா என்று. ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்தப்படும். மூடிய நிலையத்தின் முன்னால் குடும்பத்தோடு நின்றவன் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது, பாதை. மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை. செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், நல்ல சப்பாத்து வேண்டும், தலைசுற்றல் இருக்கக் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் ஆல்ப்ஸ் பாதை, கயிறும் ஏறும் பழக்கமும் தேவைப்படலாம். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. விலங்கு பார்க்கப் போகிறவர் அந்த நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அந்த இடம் காட்டுயிர் அமைதி வலயமா என்று. சுவிஸ் அரசின் வரைபடச் செயலியான சுவிஸ்டோப்போவில் இந்த வலயங்களை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானவை குளிர்காலத்துக்கானவை. சிலவற்றில் நுழைவது தடை, சிலவற்றில் குறியிட்ட பாதையில் மட்டும் போகலாம். கூட்டாட்சி வேட்டைத்தடைப் பகுதிகளில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும், ட்ரோன் பறக்கவிட முடியாது.

நான்காவது வானிலை, ஐந்தாவது திரும்பி வரும் கடைசி வண்டி. கடைசி கேபிள் கார் கோடையில் பின்னேரம் ஐந்து மணிக்கே போய்விடும் இடங்கள் உண்டு. ஒரு முறை ஸ்டைன்பொக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்து அதைத் தவறவிட்டு, ஆயிரம் மீட்டருக்கு மேல் கால்நடையாக இறங்கினேன். முழங்கால் ஒரு வாரம் பேசியது. நேரத்தைக் கைப்பேசியில் எச்சரிக்கை மணியாக வையுங்கள்.

4. பையில் என்ன, ஏன்

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். 8x42 என்ற அளவு (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் வில்லை) போதும். பத்து மடங்கு பெருக்குவது நல்லதுதானே என்று கேட்பார்கள். மூச்சு வாங்கி நிற்கும்போது கை நடுங்கும், பத்து மடங்கில் அந்த நடுக்கமும் பத்து மடங்காகும். எட்டில் பரந்த பார்வையும் கிடைக்கும், தேடுவதற்கு அதுதான் வசதி.

உடுப்பைத் தடித்த ஒன்றாகப் போடாமல் மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். ஏறும்போது வேர்க்கும், உட்கார்ந்து பார்க்கும்போது அந்த வேர்வையே குளிராக மாறும். அதனால் மாற்று பனியன் ஒன்று கட்டாயம். உட்காருவதற்குச் சின்ன மெத்தைத் துண்டு ஒன்றும் வையுங்கள். அது இல்லாதவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள், பன்னிரண்டாவது நிமிடத்தில் விலங்கு வருகிறது.

உணவைத் துணியில் அல்லது மூடி இலகுவாகத் திறக்கும் பெட்டியில் கொண்டுபோங்கள். பொலித்தீன் பையின் சரசரப்பு மலையில் ஒரு துப்பாக்கி வெடிக்கு நிகர். தண்ணீர், தொப்பி, வெயில் களிம்பு, மழை மேலங்கி, சார்ஜ் உள்ள கைப்பேசி ஆகியவை வழக்கம் போல.

5. நேரத்தை விலங்கு தீர்மானிக்கட்டும்

விடிந்து முதல் இரண்டு மணி நேரம், இருட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம். இடையில் ஸ்டைன்பொக்கும் ஷமுவாவும் நிழலில் படுத்து அசைபோடும். கோடை வெயில் ஏறினால் ஸ்டைன்பொக் இன்னும் உயரத்துக்குப் போய்விடும். ஒன்பது மணி கேபிள் காரில் வருபவருக்கு வெறும் புல்வெளிதான் மிச்சம்.

ஜூனில் ஐந்தரை மணியளவில் சூரியன் உதிக்கிறது. அதற்கு எந்த முதல் ரயிலும் உதவாது. ஆகவே ஓர் இரவு மேலே தங்குங்கள். சுவிஸ் ஆல்ப்ஸ் கழகத்தின் மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் கடைசி வரை திறந்திருக்கும். முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளுறையாக ஒரு படுக்கைத் துணி கொண்டுபோக வேண்டும், இரவு பத்து மணிக்கு அமைதி. நாளைக் காலை எங்கே பார்க்கலாம் என்று குடில் நடத்துபவரிடம் இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். எந்தச் செயலியும் தராத பதில் அங்கே கிடைக்கும்.

6. பார்க்கும் முறை

புதியவர்கள் நடந்துகொண்டே தேடுகிறார்கள். நடக்கும் மனிதரைத்தான் விலங்கு முதலில் கண்டுபிடிக்கும். நூறு மீட்டர் நடந்தால் இருபது நிமிடம் உட்காருங்கள்.

முதலில் வெறும் கண்ணால் முழுச் சரிவையும் பாருங்கள். அசைவைப் பிடிப்பதில் பைனாகுலரை விட வெறும் கண்தான் கெட்டி. பிறகு பைனாகுலரை எடுத்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல ஒரு பாத்தி முடித்து அடுத்த பாத்திக்குப் போங்கள். பாறைச்சுவருக்குக் கீழே உள்ள புல் பட்டைகள், வெயிலும் நிழலும் சந்திக்கும் கோடு, மலைமுகட்டின் விளிம்பு, இந்த மூன்றிலும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். முகட்டில் ஒரு கொம்பு வானத்துக்கு எதிரே வடிவாகத் தெரியும்.

காதையும் பயன்படுத்துங்கள். சின்னக் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் உடனே மேலே பாருங்கள், யாரோ அங்கே நடக்கிறார்கள். அதே காரணத்துக்காக, ஸ்டைன்பொக் நிற்கும் பாறைக்கு நேர் கீழே உட்காராதீர்கள். மர்மோட்டின் கூர்மையான ஒற்றைக் கூவல் பெரும்பாலும் கழுகைக் கண்டதற்கு, தொடர்ச்சியான கூவல் நரி, நாய், அல்லது உங்களைக் கண்டதற்கு. ஒற்றைக் கூவல் கேட்டவுடன் நான் வானத்தைத்தான் பார்ப்பேன்.

நெருங்குவதில் பெரிய பிழை, மேலிருந்து இறங்கி வருவது. மலை விலங்குகள் ஆபத்து கீழிருந்து வரும் என்று எதிர்பார்க்கின்றன, தப்புவதற்கு மேலே ஓடுகின்றன. நீங்கள் மேலே தோன்றினால் அவற்றின் வழியே அடைபட்டுவிடுகிறது. பாதையை விட்டு விலகுவதும் அப்படித்தான். பாதையில் போகும் மனிதருக்கு அவை பழகியிருக்கின்றன, புல்வெளியில் திடீரென்று முளைக்கும் மனிதருக்குப் பழகவில்லை.

விலங்கு தலையைத் தூக்கி உங்களையே உற்றுப் பார்த்தால் நில்லுங்கள். மூக்கால் சீறினால் அல்லது விசிலடித்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது, மெதுவாகப் பின்வாங்குங்கள். தீனி போடவே வேண்டாம், மர்மோட்டுக்கும் வேண்டாம்.

7. காட்டு விலங்கை விடக் கவனிக்க வேண்டியவை

இந்த மலைகளில் உங்களைத் துரத்தக்கூடியது பெரும்பாலும் பசுதான். கன்றோடு நிற்கும் தாய்ப்பசுக்களுக்குத் தூரம் கொடுத்துச் சுற்றிப் போங்கள், கன்றைத் தடவாதீர்கள், நாய் இருந்தால் கயிற்றில். பசு தாக்க வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள், அதன் கோபம் நாயின் மேல்தான்.

செம்மறி மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். நின்று, தடியை உயர்த்தாமல், அது உங்களை முகர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, மந்தையைச் சுற்றிப் போங்கள்.

கோடையில் இடிமின்னல் பெரும்பாலும் பின்னேரம் வரும். மதியத்துக்குப் பிறகு முகட்டில் நிற்காமல் இருப்பதற்கு அது போதுமான காரணம். கோடைத் தொடக்கத்தில் பாதைக்குக் குறுக்கே பழைய பனி கிடந்தால், சின்னதாகத் தெரிந்தாலும் திரும்பி வாருங்கள். விடிய அது கண்ணாடி போல உறைந்திருக்கும், வழுக்கினால் நிறுத்தப் பிடி கிடையாது.

விபத்து என்றால் ரேகா வான்மீட்புக்கு 1414, மருத்துவ உதவிக்கு 144, ஐரோப்பியப் பொது எண் 112. சமிக்ஞை இல்லாத இடத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.

வீடு திரும்பியதும் காலிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி பற்றிக் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

8. வசந்தம்: கீழிருந்து மேலே போங்கள்

மார்ச் கடைசியில் எமெண்டாலின் ரேமிஸ்கும்மன் போன்ற நடுத்தர உயரங்களில், பனி விலகிய மறுநாளே வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூக்கும். நாள் சொல்ல முடியாது, பனியைத்தான் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் மொன்ட்ரோவுக்கு மேலே உள்ள புல்வெளிகளில் நர்சிசஸ் பூத்துப் பனி விழுந்தது போல இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் நான் தவறவிடாதது பொன்ட்ரெசினா. மேலே இன்னும் பனி என்பதால் ஸ்டைன்பொக்குகள் முதல் புல்லைத் தேடி ஊரின் விளிம்பு வரை இறங்கி வரும். வீடுகளுக்குப் பின்னால் மேயும். அந்த நாட்களில் மலையேறத் தெரியாதவரும் அவற்றைப் பார்க்கலாம்.

இது குட்டிகளின் காலமும்கூட. ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை பல கன்டோன்களில் (சுவிஸ் மாநிலங்களில்) காட்டில் நாயைக் கயிற்றில் பிடிப்பது சட்டம். புல்லில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைத் தொடாதீர்கள். அது கைவிடப்படவில்லை, தாய் அருகில்தான் இருக்கிறது.

9. கோடை: மழை விட்ட காலை

கோடையில் இரண்டு சொல்கிறேன், போதும். மர்மோட் குட்டிகள் ஜூலையில் வளைக்கு வெளியே விளையாடும். மழை பெய்த விடியக்காலையில் ஈரமான காட்டுப் பாதையில் கண்ணைக் கீழே வைத்து நடந்தால் பல்லி போலத் தோன்றும் கரிய ஆல்ப்ஸ் சாலமாண்டரைக் காணலாம். நீரில் முட்டையிடாமல், இரண்டு மூன்று வருடம் வயிற்றில் சுமந்து உயிருள்ள குட்டி ஈனும் பிராணி அது. எல்லோரும் மழையைத் திட்டும் நாளில் வெளிக்கிடுபவருக்குத்தான் அது தெரியும். மிதித்துவிடாதீர்கள்.

10. இலையுதிர் காலம்: காதால் பார்க்கும் பருவம்

ஒரு பருவத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சிவப்பு மான்களின் இணைதேடும் காலம். ஆண் மான்கள் போடும் உறுமல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும்.

எங்கே போவது? செப்டம்பரில் எங்கடின் இருக்கும் கிராவ்புண்டன் கன்டோனில் வேட்டைப் பருவமும் நடக்கிறது, மான்கள் ஒளிந்துவிடும். ஆனால் 1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. அதனால் மான்கள் அங்கே திரளுகின்றன. ஸ்சான்ஃபிலிருந்து வால் ட்ருப்சுன் பள்ளத்தாக்குக்குள் நடந்து, குறிக்கப்பட்ட ஓய்விடத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சரிவைப் பாருங்கள். முதலில் சத்தம் வரும் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் பைனாகுலர்.

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் விதிகள் கடுமை. பாதையை விட்டு இறங்க முடியாது. நாய் கயிற்றிலும் வரக்கூடாது. கூடாரம், நெருப்பு, பூப் பறித்தல், விழுந்த கொம்பைப் பொறுக்குதல் எதுவும் கூடாது. அங்கே மான்கள் பகலிலும் வெளியே நிற்பதற்கு இந்த விதிகள்தான் காரணம் என்பதால் எனக்கு அவற்றில் முறைப்பாடே இல்லை.

அக்டோபர் நடுவில் எங்கடினிலும் வாலே கன்டோனிலும் லார்ச் என்கிற ஊசியிலை மரங்கள் பொன்னிறமாகும். அலெச் காட்டில் பழைய ஊசியிலை மரங்களுக்கிடையே புள்ளிபோட்ட பழுப்புப் பறவை ஒன்று விதைகளைப் புதைத்துக்கொண்டிருக்கும். அது கொட்டையுடைப்பான். மறந்து விட்ட விதைகளிலிருந்து புதிய மரம் முளைக்கும்.

இந்தப் பருவத்தில் சமவெளி வாரக்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும். யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் பயணத்தை நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டாம். பல நாட்களில் ஆயிரம் மீட்டருக்கு மேலே நல்ல வெயில் இருக்கும், கீழே வெண்கடல். மலை நிலையத்தின் நேரடிக் கமராவைப் பார்த்து முடிவெடுங்கள்.

11. குளிர்காலம்: குறைவாக நடந்து, நிறையப் பாருங்கள்

இந்தப் பருவத்தில் விலங்குகள் கடனில் வாழ்கின்றன. சிவப்பு மான் இதயத்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் குறைத்து நாளைக் கடத்துகிறது. பனிக்கோழி பனிக்குள் குழி தோண்டிப் படுத்திருக்கிறது. பனிச்சப்பாத்தோடு ஒருவர் காட்டுக்குள் நுழைந்து அவற்றை ஓடவைத்தால், அந்தச் செலவை ஈடுகட்ட அங்கே தீனி கிடையாது. ஆகவே இளஞ்சிவப்புப் பலகை போட்ட குளிர்கால நடைபாதைகளை விட்டு விலகாதீர்கள். பாதையிலிருந்தே முயல், நரி, அணில் ஆகியவற்றின் காலடித் தடங்களைப் படிக்கலாம். குறியிட்ட பாதைக்கு வெளியே போவது பனிச்சரிவு அறிந்தவர்களின் வேலை. தினமும் வெளிவரும் பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து 1 முதல் 5 வரை இருக்கும். மூன்றைப் "பாதி" என்று எண்ணுவது உயிரோடு விளையாட்டு.

குளிர்காலத்தின் பரிசு வானத்தில் இருக்கிறது. லொய்க்கர்பாடிலிருந்து கேபிள் காரில் கெம்மி கணவாய்க்கு ஏறி, வெயில் பிடிக்கும் இடத்தில் காத்திருந்தால் தாடிப் பாறு வரக்கூடும். சிறகு விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல். பொன்கழுகோடு குழம்புவது சகஜம், வாலைப் பாருங்கள். பாறுவின் வால் நீண்டு ஆப்பு வடிவில் கூராக முடியும், கழுகின் வால் விசிறி போல விரியும். வளர்ந்த பாறுவின் வயிறு துருநிறமாக இருக்கும். இரும்புத்தாது கலந்த சேற்றில் குளித்து அந்த நிறத்தைப் பூசிக்கொள்கிறது.

மேலே போக முடியாதவர்கள் ஏரிகளுக்குப் போகலாம். வடக்கிலிருந்து லட்சக்கணக்கான நீர்ப்பறவைகள் பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன. போடன் ஏரியும் நொஷத்தல் ஏரியும் பார்ப்பதற்கு வசதியானவை, நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

12. அன்றிரவே எழுதி வையுங்கள்

தேதி, நேரம், உயரம், சரிவின் திசை, பனி எந்த மட்டத்தில் இருந்தது, என்ன பார்த்தீர்கள். ஆறு விவரம், இரண்டு நிமிட வேலை. ஒன்றும் பார்க்காத நாளையும் எழுதுங்கள், எந்த நேரத்துக்குப் போகக் கூடாது என்பதை அதுதான் சொல்லும். என்னுடைய முதல் குறிப்பேட்டில் "நண்பகல், உச்சி, காகங்கள்" என்று ஐந்து பக்கம் இருக்கிறது.